யூனிட் கட்டத்தில் சைபர்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் தராதரத்தைத் தெரிந்துகொள்ள நாலு பேரிடம் விசாரிக்க வேண்டியதில்லை. "கரண்டு பில்லு எம்புட்டு வருது?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மில், ஷெட், பட்டறை என்று எதையாவது வைத்திருந்த ஒவ்வொரு ஆம்பளையும் அந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக் கிடந்தான். கல்யாணப் பந்தியில், பஸ்ஸ்டாண்டு டீக்கடையில், தேர் பார்க்கப் போன இடத்தில், எங்கேயும் இதே பேச்சுத்தான். எட்டாயிரம் கட்டுகிறவர் மூவாயிரம் கட்டுகிறவரைப் பார்த்து, பாவம் இவனும் பிழைத்துப் போகட்டும் என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கு அவர்கள் ஒரு நியாயமும் வைத்திருந்தார்கள். லாபம் எவ்வளவு என்று கேட்டால் இன்கம்டாக்ஸ்காரன் மாதிரி இருக்குமாம். சொத்து எவ்வளவு என்று கேட்டால் கண் வைக்கிறான் என்று ஆகிவிடுமாம். கரண்டு பில் மட்டும் சர்க்கார் எழுதிக் கொடுக்கிற கணக்கு. அதில் பொய் சொல்ல முடியாது. பெரிய பில் கட்டுகிறவன் பெரிய மிஷின் ஓட்டுகிறான், பெரிய மிஷின் ஓட்டுகிறவன் பெரிய மனுஷன். அவ்வளவுதான் அந்த மண்டைகளுக்குள் இருந்த பொருளாதாரம். பில் என்பது செலவு, கையை விட்டுப் போகிற காசு என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. டாக்டருக்குக் கொடுத்த பீஸைச் சொல்லி எவனாவது பெருமையடிப்பானா? இவர்கள் அதையும் செய்யக்கூடியவர்கள்தான்.

எங்கள் அப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரைஸ்மில் இருந்தது. வத்திராயிருப்பு, மகாராஜபுரம் பக்கத்து நெல்லெல்லாம் வண்டியில் வந்து இறங்கும். மில்லில் மீட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு வெள்ளை அட்டை தொங்கும். மாதம் ஒருதரம் கரண்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்து, அந்த அட்டையில் தேதி, ரீடிங், யூனிட், தொகை என்று கட்டம் கட்டமாக எழுதிவிட்டுப் போவார். அப்பாவும் அவருடைய அண்ணனும், அதாவது எங்கள் பெரியப்பாவும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிக் கட்டத்தை மட்டும் பார்ப்பார்கள். மற்ற மூன்று கட்டங்களும் அவர்களுக்கு இல்லவே இல்லை.

பணம் கட்ட கரண்டு ஆபீஸ் க்யூவில் நிற்க வேண்டும். மில்காரர் க்யூவில் நின்றால் கௌரவம் என்னாவது? மில் ஆட்களை அனுப்பினால் வேலை கெடும். கடைசியில் பி.காம் படித்துக்கொண்டிருந்த என்னை அனுப்பினார்கள். வயசுப்பெண் தெருவில் நின்றால் போகாத கௌரவம் அவர்கள் நின்றால் போய்விடும் போலிருக்கிறது. ஜன்னலுக்குள்ளே இருந்த ஆள் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வருகிற வரைக்கும் அந்த அட்டையைப் படிப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை? அப்படித்தான் படித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருவதற்கு அங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது.

அதில் பெரிய வித்தையும் இல்லை. இந்த மாத ரீடிங்கிலிருந்து போன மாத ரீடிங்கைக் கழிக்க வேண்டும். பெரிய கனெக்ஷன் என்றால் மீட்டர் முழுக் கரண்டையும் தாங்காது என்று ஒரு பங்கை மட்டும்தான் அதற்குள் விடுவார்கள். அதனால் வந்த வித்தியாசத்தைப் பத்தாலோ இருபதாலோ பெருக்க வேண்டும். எதால் பெருக்குவது என்று மீட்டரிலேயே எழுதியிருக்கும். நூற்றைம்பது வித்தியாசம், பெருக்கல் பத்து என்றால் ஆயிரத்தைந்நூறு யூனிட். அதை யூனிட் ரேட்டால் பெருக்கினால் ஓடின கரண்டுக்குக் காசு. இது போக, ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய காசு ஒன்று உண்டு. எத்தனை எச்பிக்கு மோட்டார் ஓட்டுவேன் என்று எழுதிக் கொடுத்து கனெக்ஷன் வாங்கினோமோ, அத்தனை எச்பிக்கும் மாதா மாதம் இவ்வளவு என்று. மில்லைப் பூட்டிவிட்டுத் திருச்செந்தூர் போய் உட்கார்ந்துகொண்டாலும் அது வரும். பாக்கி வைத்தால் அதற்கு மேல் தாமதக் காசு. அவ்வளவுதான் சங்கதி. மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கூட்டினால், அந்த மில் ஓடுகிறதா, படுத்திருக்கிறதா, கடனில் முங்கிவிட்டதா என்று உள்ளே போகாமலே சொல்லிவிடலாம்.

எங்கள் பில்லில் நாலாவதாக ஒன்று வந்துகொண்டிருந்தது. கெப்பாசிட்டர் என்று ஒரு சின்ன டப்பா மோட்டார்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்; வைக்காததற்கு அபராதம். ஒருநாள் அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்பா, இந்த டப்பாவ வாங்கி மாட்டிட்டா மாசாமாசம் கட்டுற அபராதம் நின்னுரும்."

அப்பா பேப்பரைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "இருக்கட்டும்மா. பில்லு கூடினா நல்லதுதான. நாலு பேரு கேக்குற எடத்துல சொல்லிக்கிடலாம்."

நான் உள்ளே வந்துவிட்டேன். அபராதத்தையும் சேர்த்து அந்தஸ்தில் எழுதிக்கொள்கிற மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது?

என் கல்யாணமும் இதே முறையில்தான் நடந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட் வைத்திருந்த குடும்பம். "ஒம்பதாயிரம் கட்டுற வீடு" என்று தரகர் சொன்ன மாத்திரத்தில் பெரியப்பா தாம்பாளம் தேட ஆரம்பித்துவிட்டார். போய் இறங்கிய மறுநாளே என் வீட்டுக்காரரிடம் அட்டையைக் கேட்டேன். "ஷெட்டுப் பக்கமெல்லாம் பொம்பளைக வரக்கூடாது" என்றார். அதோடு சரி. அரிசி விலை கேட்டாலும் அவர் அதே குரலில்தான் பதில் சொல்வார், அதாவது சொல்ல மாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் தங்கைக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். என்னைப் போல வாயாடி இல்லை. சொல்லிக்கொடுத்த இடத்தில் உட்காருவாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள். அதனாலேயே எனக்கு அவளைப் பற்றிப் பயம். என்னை எங்கே தள்ளினாலும் நான் பிறாண்டிக்கொண்டு எழுந்துவிடுவேன். இவளைத் தள்ளினால் விழுந்த இடத்திலேயே கிடப்பாள் என்று நினைத்தேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்த சமயத்தில் தரகர் ஒரு ஜாதகத்தோடு வந்தார். ராஜபாளையத்தில் ஜின்னிங் மில், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்குகிற மில். ஒரே பையன். நூறு எச்பி கனெக்ஷன்.

"நூறா?" என்றார் பெரியப்பா. வெற்றிலையை மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது.

"நூறுங்கய்யா. போன மாசம் மட்டும் பதினாலாயிரத்துச் சொச்சம் பில்லு. கரண்டு ஆபீசுல கேட்டாலே சொல்லுவாக."

அவ்வளவுதான். பையன் என்ன படித்திருக்கிறான், குடிப்பானா, கோபக்காரனா, ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பதினாலாயிரம்" என்று அப்பா மூன்று தரம் சொன்னார். சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ராணுவக்காரர் லீவில் வந்திருந்தார். அவரையும் வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னார் பெரியப்பா. அந்த ஆள் எல்லையில் நின்று பார்க்காத பயங்கரத்தை அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

பெண்ணைக் காட்டுவதற்கு முன்னால் நாம் போய் வீட்டைப் பார்த்துவிடுவோம் என்று முடிவானது. மாசி மாதக் கடைசி. பால்கோவா டப்பாக்களோடு வாடகைக் காரில் அப்பா, பெரியப்பா, என் வீட்டுக்காரர், தரகர், நான். என்னை எதற்குக் கூட்டிப் போனார்கள் என்றால் அடுப்படியைப் பார்க்க. ஆம்பளைகள் மில்லைப் பார்ப்பார்கள், பொம்பளை அடுப்படியைப் பார்ப்பாள். வழி நெடுக கமிஷன் கடை வாசல்களில் பருத்தி மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது. சீசன் உச்சத்தில் இருந்தது.

அடுப்படியை ஒரு பார்வை பார்த்தேன். அடுப்படிதான், வேறென்ன. கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு முடித்து ஆம்பளைகள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மில்லுக்குக் கிளம்பியபோது நானும் பின்னாலேயே நடந்தேன். என் வீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜின்னிங் மில்லுக்குள் ஒருதரம் போய் வந்தால் போதும், தலைமுடியில், புருவத்தில், ஜாக்கெட் கையில் எல்லாம் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். மூக்குக்குள் போய்த் தும்மல் வரும். அங்கே ஒருத்தரும் தும்மவில்லை. பெரியப்பாவின் கறுப்புக் கைப்பை கறுப்பாகவே இருந்தது. ஜின் மிஷின்கள் வரிசையாகச் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றன. பையனின் அப்பா, தொந்தியைத் தடவிக்கொண்டு, "இன்னைக்கு நீங்க வாரீகன்னு ஆளுகளுக்கு லீவு விட்டாச்சு" என்றார். மாசிக் கடைசியில் ஜின்னிங் மில்லுக்கு லீவாம். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

பையன் கொஞ்சம் தள்ளித் தூணோரம் நின்றான். வாயைத் திறக்கவில்லை.

பிறகு பையனின் அப்பா நேராக மீட்டர்ப் பெட்டிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். சாமி சந்நிதிக்குக் கூட்டிப் போகிற மாதிரி. அட்டையை ஆணியிலிருந்து எடுத்துக் கட்டை விரலை வைத்துக் காட்டினார்.

"இதையும் பாத்துக்கிடுங்க. நாங்க எதையும் மறைக்கிற ஆளுக இல்ல."

உண்மைதான். அந்த மனுஷன் எதையுமே மறைக்கவில்லை. எல்லாம் அட்டையிலேயே எழுதியிருந்தது. அவருடைய கட்டை விரல் கடைசிக் கட்டத்தில் இருந்தது. எங்கள் வீட்டு ஆம்பளைகளின் கண்களும் அங்கேயே இருந்தன. பதினாலாயிரத்துச் சொச்சம். அதற்கு முந்தின மாதம் பன்னிரண்டு. அதற்கும் முந்தி பத்து.

"மாசாமாசம் ஏறிக்கிட்டே வருதே! தொழிலு நல்லாப் பெருகுது" என்றார் பெரியப்பா.

நான் எட்டிப் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். போன ஐப்பசியிலிருந்து ஒரே ரீடிங். மாசி வரைக்கும் ஒரு நம்பர்கூட மாறவில்லை. யூனிட் கட்டத்தில் நாலு மாதமும் சைபர், சைபர், சைபர். அப்படியானால் ஏறிக்கொண்டே வந்தது என்ன? நூறு எச்பிக்கும் கட்ட வேண்டிய காசு, போன மாதப் பாக்கி, பாக்கிக்குத் தாமதக் காசு. அடுத்த மாதம் அந்த மொத்தத்துக்கு மேல் மறுபடியும் எச்பி காசு. கரண்டு ஆபீஸ்காரன் வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடாதபடி அப்பப்போ கொஞ்சம் கட்டிவிட்டு மீதியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நூறு எச்பி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் பாதிச் சுமை அன்றைக்கே இறங்கியிருக்கும். எழுதிக் கொடுக்க மனசு வருமா? நூறு எச்பி போய்விட்டால் பெண் எவன் கொடுப்பான்!

என் தங்கையை இந்தச் சாக்குப் போர்த்திய மிஷின்களோடு உட்கார வைக்கப் போகிறார்கள். ஒரு வருஷத்துக்குள் அவள் கழுத்தில் காதில் கிடப்பதெல்லாம் இந்த அட்டைக்குள் போய்விடும். அங்கேயே வாயைத் திறந்திருப்பேன். அப்பாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். காரில் ஏறிக் கதவைச் சாத்தின உடனே ஆரம்பித்தேன்.

"அப்பா, அந்த மில்லு ஓடவேயில்ல. ஐப்பசியில இருந்து ஒரு யூனிட்டுகூட ஓடல. அந்தப் பதினாலாயிரமும் கடன்."

"ஒனக்கு என்ன தெரியும்?" என்றார் பெரியப்பா முன் சீட்டிலிருந்து.

"அட்டையில போட்ருக்கு பெரியப்பா. ரீடிங்கு மாறல. யூனிட்டு சைபர்."

"யூனிட்டக் கெடாசு. தொகையப் பாத்தியா? சர்க்காரு சும்மா போடுவானா அம்புட்டுத் தொகைய?"

"கட்டாம வச்சிருந்தா போடுவான்."

"ஏட்டி, வாய மூடிட்டு வா" என்றார் அப்பா. அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பெரியப்பா மண்ணாந்தை, அவரை விட்டுவிடலாம். அப்பா மில் நடத்துகிறவர். நான் சொன்ன உடனே அவர் முகம் ஒரு கணம் செத்துப்போனது. பிறகு ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "கரண்டு பில்லப் பாத்தா பொண்ணு குடுக்குறது? குடும்பத்தப் பாக்கணும்" என்றார். முந்தாநாள் தெருவெல்லாம் பதினாலாயிரம் என்று தமுக்கடித்த வாய் இது! ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, இப்போது இல்லை என்று சொன்னால் எதிர்வீட்டு ராணுவக்காரர் என்ன நினைப்பார்? அவ்வளவுதான் பயம். மகளைப் பற்றி ஒரு பயமும் கிடையாது.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கேசரி சாப்பிட்ட விரலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து தங்கையை மாடிக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். பழைய காலண்டர்த் தாளில் மூன்று வரியாக எழுதிக் கூட்டிக் காட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்: "மாப்ள என்னக்கா சொன்னாரு?"

"அவன் என்னத்தச் சொன்னான். தூணோட தூணா நின்னான்."

"ஒண்ணுமே சொல்லலியா?"

"வாயே தொறக்கல. நல்லாத் தெரிஞ்சேதான் நிக்கான். வேண்டாம்னு சொல்லிருடி. நான் இருக்கேன் ஒனக்கு."

அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த வீட்டில் ஒருத்திக்காவது சூடு சொரணை இருக்கக் கூடாதா என்று திட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா கழுத்தில் ஒரு புதுச் சங்கிலி வேறு. அது எந்தப் பாக்கியில் வாங்கினதோ. ஜமுக்காளம் விரித்து, மேலே ஃபேன் சுற்ற, பெரியப்பா நடுவில் உட்கார்ந்து தன் காலத்து மில்களைப் பற்றிக் கதை விட்டுக்கொண்டிருந்தார். தங்கை காப்பித் தட்டோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். பையனின் அப்பா பெரிய மனசு பண்ணி, "பொண்ணுக்கு எதுவும் கேக்கணும்னா கேக்கட்டும். நாங்க அந்தக் காலத்து ஆளுக இல்ல" என்றார்.

யாராவது அந்த மாதிரிப் பேச்சை நம்பிக் கேட்பார்களா? தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட வேண்டும். அதுதான் முறை. தங்கை போகவில்லை. தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நேராகப் பையனைப் பார்த்தாள்.

"ஒங்க மீட்டரு ஓடுதாங்க?"

"என்ன கேக்குது பொண்ணு? மீட்டரா?" என்றார் ஒரு பெரியவர். கார் மீட்டரைக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

பெரியப்பா பாய்ந்து விழுந்து, "அது சும்மா, வெளையாட்டுக்கு. இஸ்கூல் டீச்சரு பாருங்க, எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கும்" என்று சிரித்தார். அப்பா, "உள்ள போம்மா" என்றார். பையனின் அப்பா, "நூறு எச்பி ஓடுற மீட்டரும்மா அது" என்றார். மூன்று ஆம்பளைகள், மூன்று பதில், ஒன்றுகூட அவள் கேட்டதற்கு இல்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அந்தச் சமயம் பார்த்துக் கரண்டு போனது. ஃபேன் மெதுவாக நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பையன் மட்டும் பார்க்கவில்லை.

"ஓடலைங்க" என்றார் அவளைப் பார்த்து.

"ஏலே!" என்றார் அவருடைய அப்பா.

"ஐப்பசியோட நின்னு போச்சு. பருத்தி வாங்கக் கையில காசு இல்ல. அட்டையில இருக்குறது பழைய பாக்கியும் எச்பி காசுந்தான். எச்பி லோடக் கொறச்சு எழுதிக் குடுத்துருவோம், பாதி மிஷின வித்துருவோம்னு சொல்லிட்டே இருக்கேன். அப்பா கல்யாணம் முடியட்டும்னு சொல்லுதாக."

பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! எங்கள் அப்பா விறுட்டென்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, "எந்திரிங்க, போவோம்" என்றார். சொந்த வீட்டிலிருந்து எங்கே போவது என்று வாசல் வரை போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. திரும்பி வரவும் முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டார். பெரியப்பா, "நம்பிக் கூப்ட்ட எடத்துல இப்படி மானத்த வாங்கலாமா?" என்று கத்தினார். யாரைப் பார்த்து? ஊரை ஏமாற்றிய அப்பனைப் பார்த்து இல்லை, உண்மையைச் சொன்ன பையனைப் பார்த்து! மில் ஓடாததில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதை வெளியே சொல்லிவிட்டானே, அதுதான். பையனின் அப்பாவும் அதையேதான் சொல்லித் திட்டிக்கொண்டே மகனை இழுத்துக்கொண்டு போனார். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே குரலில் பேசியது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. தங்கை தப்பித்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் நான் ஒரு கை கூடுதலாகவே சாப்பிட்டேன். மறுநாள் காலையில் அவள் அப்பாவிடம் போய், "நான் அவரையே கட்டிக்கிடுதேன்" என்றாள்.

வீடு ரெண்டுபட்டது. அப்பா முடியாது என்றார். மில் ஓடவில்லை என்று தெரிந்தும் கொடுக்கத் தயாராக இருந்தவர், அது ஊருக்குத் தெரிந்த பிறகு கொடுக்க மாட்டாராம். நானும் விடவில்லை. கிறுக்கச்சி, புத்தி கெட்டவள், உன்னைக் காப்பாற்றினேனே என்னைச் சொல்ல வேண்டும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். அவள் யாரோடும் சண்டை போடவில்லை. வேறு ஜாதகம் வந்தபோதெல்லாம் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். கடைசியில் தாங்க முடியாமல் ஆவணியில் கட்டிக் கொடுத்தார்கள். பெரியப்பா வந்து சாப்பிட்டுவிட்டு, பந்தியில் யாரோ பில் தொகையைக் கேட்கப் போகிறார்கள் என்று பயந்து கை கழுவியதும் ஓடிவிட்டார்.

மாப்பிள்ளை சொன்னதைச் செய்தார். பாதி மிஷினை விற்றுக் கரண்டு பாக்கியை அடைத்தார். லோடைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். மூன்று ஜின்னை வைத்துக்கொண்டு மற்றவர்களின் பருத்தியைக் கூலிக்கு அரைத்துக் கொடுத்தார். அவருடைய அப்பா அதற்குப் பிறகு ஆறு மாதம் வீட்டைவிட்டு வெளியே தலை காட்டவில்லையாம். எங்கள் அப்பாவும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. யாராவது, "சின்ன மருமகன் வீட்டுல பில்லு எம்புட்டு?" என்று கேட்டால், "இப்ப என்னமோ கணக்க மாத்திட்டானுக" என்று முனகுவார்.

அடுத்த பருத்தி சீசனில் நானும் என் வீட்டுக்காரரும் ஒருநாள் அங்கே சாப்பிடப் போனோம். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தும்மல் வந்தது. தங்கையின் தலையெல்லாம் பஞ்சு. மீட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் அட்டை தொங்கியது, எடுத்துப் பார்த்தேன். தொகை ஆயிரத்து எழுநூறோ என்னவோ. ரீடிங் மாதா மாதம் மாறியிருந்தது. நான் மனசுக்குள் கழித்துப் பெருக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அவள் நன்றாக இருந்தாள். நகை எதுவும் குறையவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. சாப்பிட்டு முடித்து வெளிவாசலில் உட்கார்ந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏட்டி, கணக்குப் போட்டுக் காட்டுனது நான். நீ பாட்டுக்கு அதை வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டு அதே வீட்டுல போயி விழுந்தியே. அப்படி என்னத்தடி கண்ட அவருகிட்ட?"

என் வீட்டுக்காரர் பக்கத்துச் சேரில் பல் குத்திக்கொண்டிருந்தார். அவள் அவரை ஒருதரம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு கேட்டேன். அவரு அதுக்குப் பதில் சொன்னாருக்கா. அம்புட்டுத்தான்" என்றாள். "நம்ம வீட்டு ஆம்பளைகள்ல யாராவது, ஒரு நாளைக்காவது, கேட்டதுக்குப் பதில் சொல்லிருக்காகளா?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக எல்லார் வீட்டு அட்டையையும் படித்துக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டு ஷெட்டின் அட்டை எந்தப் பக்கம் தொங்குகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"ஏங்க, நம்ம ஷெட்டுல போன மாசம் எத்தன யூனிட்டு ஓடிச்சு?"

அவர் பல் குத்துவதை நிறுத்தினார். நிமிர்ந்து உட்கார்ந்து, தங்கைக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"பில்லு பதினோராயிரத்துக்குக் கொறையாது."